வீடு பார்க்கும் முன் வழியைப் பாருங்கள்!

ஓர் ஊர் வளர்கிறது என்றால் அது முதலில் யாருக்குத் தெரியும்? கலெக்டருக்கா? கார்ப்பரேஷனுக்கா? இல்லை. காலை எட்டேகால் மணிக்கு ஒரு கையில் குழந்தையும் மறு கையில் அதன் சாப்பாட்டுப் பையுமாகத் தெருமுனையில் நிற்கிறாளே, அந்தத் தாய்க்குத்தான் முதலில் தெரியும்! போன வருஷம் இரண்டு நிமிஷத்தில் தாண்டிய சாலையை இந்த வருஷம் எட்டு நிமிஷம் நின்று தாண்டுகிறாள். அந்த ஆறு நிமிஷம் எங்கிருந்து வருகிறது? அவளுடைய தூக்கத்திலிருந்து வரும். இல்லாவிட்டால் அவள் சாப்பிடாமல் விட்ட இரண்டு இட்லியிலிருந்து வரும்.

'நகரப் போக்குவரத்துத் திட்டம்' என்று பேப்பரில் போட்டிருந்தால், "இது என்ஜினீயர்கள் சமாசாரம்" என்று நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். அப்படி விடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். அது எவ்வளவு தூரம் நம் வீட்டு விஷயம் என்பதை எங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன்.

இரண்டு ஆறு, இரண்டு பாலம்

நான் கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்தது 1979-ல். வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் தீவாக எங்கள் ஊர். பெருமாளைத் தவிர மற்ற எதற்கும், அதாவது பெரிய ஆஸ்பத்திரி, ஜவுளி, காலேஜ், ஆபீஸ் எல்லாவற்றுக்கும், காவிரியைத் தாண்டித் திருச்சிக்குத்தான் போக வேண்டும். மாம்பழச் சாலையையும் சத்திரம் பஸ் நிலையத்தையும் சேர்க்கிற காவிரிப் பாலம் 1976-ல் கட்டியது. நான் வந்தபோது அதற்கு மூன்றே வயது. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாலத்தின் மேல் காற்று வாங்கிக்கொண்டே போவதே ஒரு சுகம்.

அந்தப் பாலத்தை 2022 செப்டம்பரில் மூடினார்கள். நாற்பத்தாறு வருஷம் பாரம் சுமந்து, இணைப்புகள் தேய்ந்து போயிருந்தன. பழுது பார்த்தே ஆக வேண்டும். அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. சுமார் 6.87 கோடி ரூபாய்க்கு வேலை. முதலில் ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள்களை மட்டும் விட்டார்கள். பிறகு அதுவும் நின்றது. மற்ற வண்டிகளெல்லாம் சென்னை பைபாஸ் பாலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போயின.

அப்போது என் மாட்டுப்பெண்ணுக்கு ஐந்தாவது மாதம். தென்னூர்ப் பக்கம் ஓர் ஆபீஸில் கணக்கு வேலை. டாக்டரம்மாவும் திருச்சியில்தான். வழக்கமாக அரை மணியில் ஆபீஸ் போகிறவள், ஒன்றே கால் மணி நேரம் பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு போனாள். ஏழாவது மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் வந்து, செருப்பைக் கழற்றக் குனிய முடியாமல் ஊஞ்சலில் அப்படியே உட்கார்ந்து விட்டாள். கால் இரண்டும் வீங்கியிருந்தது. "அம்மா, பேசாம வேலையை விட்டுடட்டுமா?" என்று கேட்டாள்.

ஆபீஸில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. வேலையும் பிடித்த வேலை. நடுவில் ஒரு பாலம் இல்லை, அவ்வளவுதான்! "இப்ப எதையும் முடிவு பண்ண வேண்டாம்மா. லீவைக் கொஞ்சம் முன்னாடியே போட்டுக்கோ" என்றேன். பேத்தி 2023 ஜனவரியில் பிறந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற ராத்திரி எந்த வழியாகப் போவது என்று ஒரு மாதத்துக்கு முன்பே என் பிள்ளை இரண்டு தடவை வண்டியில் போய்ப் பார்த்து வைத்திருந்தான். மார்ச் 4-ம் தேதி பாலம் திறந்தது. ஜூலையில் லீவு முடிந்ததும் மாட்டுப்பெண் பழையபடி வேலைக்குப் போனாள். பாலம் திறக்க இன்னும் ஒரு வருஷம் ஆகியிருந்தால் போயிருப்பாளா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இதே ஊரில் இன்னொரு பாலத்தின் கதையையும் கேளுங்கள். திருவானைக்காவலுக்கு வடக்கே கொள்ளிடத்தின் மேல் 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலம் இருந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்து, பாலம் இடிந்தது. ஆனால் யாருடைய பிரயாணமும் நிற்கவில்லை! காரணம், பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி 2016-லேயே திறந்து விட்டார்கள். பழையது விழுந்தபோது அதன் மேல் வண்டிகளே ஓடவில்லை.

ஒரு பாலத்துக்கு மாற்று முன்பே தயாராக இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை. திட்டமிடுதல் என்றால் என்ன என்பதற்கு இதைவிட எளிய பாடம் வேண்டுமா? காவிரியிலும் பழைய பாலத்தை ஒட்டி 106 கோடி ரூபாய் மதிப்பில் புதுப் பாலம் கட்டுவதென்று தீர்மானித்து, பிறகு வேலை தொடங்கினார்கள். வந்தது நல்லது. ஐந்து வருஷம் முன்னால் வந்திருந்தால் இன்னும் எத்தனையோ பெண்களுக்கு நல்லது.

எட்டு பேருக்கு வடித்த சோறு

ஏன் இந்த நெரிசல்? நம் சமையலறைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எட்டு பேருக்கு வடித்த சோறு இருக்கிறது. இலையில் உட்கார்ந்திருப்பவர்கள் இருபது பேர். பரிமாறுகிறவள் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் என்ன செய்வாள்?

எங்கள் தெருவில் ஒரு பழைய வீடு இருந்தது. ஒரு குடும்பம், இரண்டு சைக்கிள், ஒரு பசு. இப்போது அதே மனையில் பன்னிரண்டு ஃப்ளாட். ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து எண்ணினேன்: ஒன்பது கார், பதினேழு ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள். தெரு மட்டும் அதே அகலம். கார்களில் பாதி தெருவில்தான் நிற்கின்றன. முன்பு வீட்டு வாசல் வரை வந்த ஸ்கூல் வேன் இப்போது உள்ளே திரும்ப முடியாமல் தெருமுனையிலேயே நின்று விடுகிறது. காஸ் சிலிண்டர் வண்டியும் அப்படித்தான். ஃப்ளாட்டில் குடிவந்தவர்கள் தங்கமானவர்கள். அவர்கள் மேல் தப்பே கிடையாது. பன்னிரண்டு வீட்டுக்கு அனுமதி தரும்போது, 'இந்தத் தெரு தாங்குமா?' என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும் அல்லவா?

ஒரு தெருவில் நடப்பதுதான் ஊர் முழுக்க நடக்கிறது. ஸ்ரீரங்கமும் பொன்மலையும் சேர்ந்து திருச்சி மாநகராட்சியானது 1994-ல். ஜனத்தொகை 2001-ல் 7,52,066, 2011-ல் 8,47,387. பத்து வருஷத்தில் சுமார் 95 ஆயிரம் பேர் கூடுதல். ஓட்டு வீடுகள் இருந்த இடங்களில் அடுக்கு வீடுகள், வயல் இருந்த இடங்களில் மனைகள். குடியிருப்பதற்கென்று ஒழுங்காகக் குறுக்குத் தெருக்கள் போட்டு அமைத்த தில்லைநகரைப் பாருங்கள். இன்று ஆஸ்பத்திரியும் கடையும் பாங்கும் நிறைந்து, நோயாளியை இறக்கி விடக்கூட இடம் தேட வேண்டியிருக்கிறது. தெருக்களை நன்றாகத்தான் போட்டார்கள். வீடு கடையாக மாறும்போது வண்டியை எங்கே விடுவது என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

தேர் திரும்பும் வீதி

நம் பெரியவர்களுக்கு இந்த விஷயம் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் தைத் தேர் உத்திர வீதிகளில் ஓடும். சித்திரைத் தேர் சித்திரை வீதிகளில் ஓடும். அந்த மலை போன்ற தேர் நாலு மூலையிலும் திரும்பியாக வேண்டும், இழுக்கிற ஆயிரக்கணக்கான ஜனங்களும் நிற்க வேண்டும். அதற்குத் தகுந்த அகலத்தில் வீதி. வீடுகள் எல்லாம் அந்த வீதிக்கு அடங்கியவை.

இந்தக் காலத்தில் ஓட வேண்டிய தேர் எது? டவுன் பஸ்தான்! ஒரு பஸ்ஸில் ஐம்பது அறுபது பேர் போகலாம். அதே ஐம்பது பேர் ஆளுக்கொரு ஸ்கூட்டரில் கிளம்பினால் ஒரு தெருவே அடைபட்டு விடும். 2006-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் இதைத்தான் சொல்லியது: வண்டிகளை நகர்த்துவது முக்கியமல்ல, மனிதர்களை நகர்த்துவதே முக்கியம்.

பிரேசில் நாட்டில் குரிடிபா என்று ஓர் ஊர். அங்கே 1974-லேயே பஸ்ஸுக்கென்று தனிப் பாதைகள் போட ஆரம்பித்தார்கள். இன்னொரு காரியமும் செய்தார்கள். உயரமான அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பஸ் பாதைகளை ஒட்டியே இடம் கொடுத்தார்கள். ஜனம் அதிகம் இருக்கும் இடத்தில் பஸ். பஸ் இருக்கும் இடத்தில் ஜனம்!

நம் பக்கத்தில் பெரும்பாலும் தலைகீழ். திருச்சி–தஞ்சாவூர் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களில் திருவெறும்பூரில் பி.எச்.இ.எல். தொழிற்சாலை வந்தபோது, குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாலை எல்லாவற்றையும் சேர்த்தே கைலாசபுரத்தை அமைத்தார்கள். அதற்கு வெளியே காட்டூர், அரியமங்கலம் என்று சாலை நெடுக வீடுகள் தாமாகப் பெருகின. பிறகு அந்தச் சாலையை நாலு வழியாக்கினார்கள். தூரத்து வண்டிகள் பறக்க வசதி வந்தது. ஆனால் பால்பண்ணை முதல் துவாக்குடி வரை 14.5 கிலோமீட்டருக்கு சர்வீஸ் ரோடு வரவில்லை. எதிர்ப்புறம் இருக்கிற கடைக்கும் பள்ளிக்கும் போக, லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டிய நிலை. அந்தப் பகுதி ஜனங்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. சாலையோரம் கட்டடம் எழும்பிய பிறகு நிலம் எடுப்பது சுலபமா? கடைக்காரருக்கும் பிழைப்பு இருக்கிறதே!

ஜங்ஷன் மேம்பாலத்தின் கதையும் அதுதான். கொஞ்சம் ராணுவ நிலம் கைக்கு வராததால், பாலத்தின் ஒரு கை பல வருஷம் அந்தரத்தில் நின்று, 2023-ல்தான் முடிந்தது. நிலத்தை முதலில் ஒதுக்கி வைத்து விட்டால் பாதித் திட்டம் முடிந்த மாதிரி.

காலண்டர் தாளில் ஒரு கணக்கு

இப்போது பஞ்சப்பூருக்கு வருகிறேன். மதுரை சாலையில், நகரத்தின் தெற்கு ஓரத்தில், சுமார் 40 ஏக்கரில் ஒருங்கிணைந்த பஸ் முனையம். 2025 மே மாதம் திறப்பு விழா நடந்து, ஜூலையில் பஸ்கள் ஓட ஆரம்பித்தன. வெளியூர் பஸ்கள் ஊருக்கு நடுவே வந்து முட்டிக்கொள்ளாமல் வெளியே நிற்பது நல்ல யோசனைதான். பக்கத்திலேயே டைடல் பூங்கா, காய்கறி மார்க்கெட் என்று அடுத்தடுத்து திட்டங்கள். கேட்க வேண்டுமா? சுற்று வட்டாரத்தில் மனை, ஃப்ளாட் விளம்பரங்கள் பறந்தன.

என் பிள்ளைக்கு வேலை அந்தப் பக்கம். ஸ்ரீரங்கத்து வீட்டில் இடம் போதவில்லை. ஆகவே மதுரை சாலைப் பக்கம் மூன்று படுக்கையறை ஃப்ளாட் ஒன்றைப் பார்த்து வைத்தான். எல்லோருமாகப் போனோம். கட்டடம் பளிச்சென்று இருந்தது. காட்டியவர், "பஸ் ஸ்டாண்டு பத்தே நிமிஷம் மாமி!" என்றார். "எதில் போனால்?" என்று கேட்டேன். "கார்ல" என்றார்!

பேத்தியைத் தூக்கிக்கொண்டு மாட்டுப்பெண்ணும் நானும் நடந்தே பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தோம். இருபத்திரண்டு நிமிஷம் ஆயிற்று. நடைபாதை இல்லை. பாதி தூரம் தெருவிளக்கும் இல்லை. கடைசியில் நாலு வழிச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும்.

அன்று ராத்திரி ஒரு காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, அவளுடைய ஒரு நாளை எழுதச் சொன்னேன். குழந்தையைப் பள்ளியில் விடுவது, அங்கிருந்து ஆபீஸ், சாயங்காலம் மறுபடி பள்ளி, வழியில் காய்கறி, மருந்து, வாரத்துக்கு ஒரு நாள் டாக்டர் அல்லது பாட்டி வீடு. ஆண்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்து கிளம்பினால் ஆபீஸ், ஆபீஸை விட்டால் வீடு. பெண்ணுடைய பிரயாணமோ பூத் தொடுக்கிற மாதிரி. ஒன்றோடு ஒன்றாகச் சேர்த்துச் சேர்த்துத்தான் போகும். நடுவில் ஒரு நூல் அறுந்தாலும் எல்லாம் உதிர்ந்து விடும். போக்குவரத்துக் கணக்கு எடுக்கிறவர்கள் பல காலமாக ஆபீஸ் போகிற பிரயாணத்தைத்தான் முக்கியமாக எண்ணி வந்தார்கள். இந்தச் சின்னச் சின்ன நடைகள் அந்தக் கணக்கில் சரியாக ஏறுவதில்லை.

கூட்டிப் பார்த்தபோது, புது ஃப்ளாட்டில் அவளுக்குத் தினம் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக வழியிலேயே போகும் என்று தெரிந்தது. என் பிள்ளை அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தான். "அப்ப இவ வேலைக்குப் போகவே முடியாதேம்மா" என்றான். எங்காத்துக்காரர், "இதைத்தானேடா அவ எழுதிக் காமிச்சிருக்கா!" என்றார்.

கடைசியில் கருமண்டபம் பக்கம் கொஞ்சம் பழைய, இரண்டு படுக்கையறை வீடாகப் பார்த்தார்கள். பஸ் நிறுத்தம் ஐந்து நிமிஷ நடை. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பிரயாணம் அல்லவா? அந்தச் சலுகையும், பஸ் நம் பக்கம் வந்தால்தானே பிரயோஜனம்! ஓர் அறை குறைச்சல்தான். வேலை நிலைத்தது.

பஞ்சப்பூர்ப் பக்கமே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சாலையும் பஸ்ஸும் வந்து சேர்ந்தால் அதுவும் அருமையான இடமாகும். சமயபுரத்திலிருந்து வயலூருக்கும், துவாக்குடியிலிருந்து பஞ்சப்பூருக்கும் மெட்ரோ ரயில் விடலாமா என்று, சுமார் 45 கிலோமீட்டருக்கு ஆய்வு அறிக்கைகூடத் தயாரித்தார்கள். ஆனால் அறிக்கையை நம்பி இன்றைக்கு வீடு வாங்க முடியாது. இன்று குழந்தையோடு நடந்து போக வழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க முடியும்.

நீங்கள் பார்க்க வேண்டியவை

வீடோ மனையோ பார்க்கப் போகிற இளம் தாய்மார்களுக்கு, என் அனுபவத்தில் சில யோசனைகள்:

* ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்காதீர்கள். பள்ளி நாளில் காலை எட்டரை மணிக்கும், இருட்டிய பிறகு ஏழு மணிக்கும் பாருங்கள்.

* பஸ் நிறுத்தத்துக்கு நீங்களே நடந்து போங்கள். முடிந்தால் குழந்தையோடு, கையில் ஒரு பையோடு. எத்தனை நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்று அங்கே நிற்கிறவர்களைக் கேளுங்கள்.

* தெருவின் அகலத்தைப் பாருங்கள். ஆம்புலன்ஸ் வந்து திரும்ப முடியுமா? இருபுறமும் கார் நின்றாலும் முடியுமா?

* சுற்றிலும் காலி மனை எவ்வளவு என்று பாருங்கள். இன்று பத்து வீடு, நாளை நூறு வீடு. அப்போதும் இதே தெருதான்!

* மனைப் பிரிவு என்றால், அனுமதி பெற்றதா, அதன் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்து விட்டார்களா என்று கேளுங்கள். கொடுக்காத சாலைக்கு நாளை விளக்கும் வராது, தாரும் வராது.

ஏற்கெனவே குடியிருக்கிறவர்கள் என்ன செய்வது? கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது. 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி கட்டடத்துக்கும் மனைக்கும் வளர்ச்சிக் கட்டணம் வாங்குகிறார்கள். பெரிய கட்டடங்களுக்கு உள்கட்டமைப்புக்கென்று தனிக் கட்டணமும் உண்டு. நம் பகுதியில் வசூலான பணம் எந்தச் சாலைக்கு, எந்த நடைபாதைக்குப் போயிற்று என்று, 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். ஊருக்கான முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிடும்போது ஆட்சேபணைக்கும் யோசனைக்கும் அவகாசம் தருவார்கள். அப்போது, 'இங்கே பஸ் நிறுத்தம் வேண்டும், இங்கே சாலையைக் கடக்க வழி வேண்டும்' என்று எழுதுங்கள். திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாளும் இருக்கிறது.

தனியாகப் போக வேண்டாம். எங்கள் தெருவில் எதிராத்து மாமியும், புது ஃப்ளாட்டில் இருக்கும் இரண்டு பெண்களும், நானுமாகக் கிளம்பி முப்பத்தொரு கையெழுத்து வாங்கினோம். 'காலை ஏழரை முதல் ஒன்பது வரை தெருவில் ஒரு பக்கம் மட்டும்தான் வண்டி நிறுத்தலாம்; ஸ்கூல் வேன் உள்ளே வரட்டும்' என்று ஒரே கோரிக்கை. இரண்டு மாதம் அலைந்த பிறகு போர்டு வைத்தார்கள். ஒரு சிலர் இன்னும் மதிப்பதில்லை. எதிராத்து மாமி வாசலில் நின்று பார்த்தால் மட்டும் மதிக்கிறார்கள்! ஆனாலும் வாரத்தில் நாலு நாளாவது வேன் வாசல் வரை வருகிறது.

ஊர் வளரட்டும், நம் குழந்தைகளுக்கு வேலையும் வீடும் வேண்டும். வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போதே அந்த வீட்டுப் பெண்ணும் குழந்தையும் பத்திரமாக வெளியே போய் வரும் வழிக்கும் அஸ்திவாரம் போட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அடுத்த தடவை பேப்பரில் 'போக்குவரத்துத் திட்டம்' என்று பார்த்தால், பக்கத்தைப் புரட்டாமல் உங்கள் தெரு அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், சகோதரிகளே. இல்லாவிட்டால் ஒரு தபால் கார்டாவது எழுதிப் போடுங்கள்.